பிக்கப் காயிலை அம்பத்தூரிலேயே சுற்றலாம்

பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும், முதுகில் கருப்புப் பை தொங்கும். சர்ச் ஆராதனையில் வாசிக்கிறவர்கள், காலேஜ் கல்ச்சுரலுக்குப் பழகுகிறவர்கள், கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக்கோடு போகிறவர்கள். வாங்கி ஒரு வருஷம் ஆனதும் இவர்களில் பலருக்கும் ஒரே எண்ணம் வந்துவிடுகிறது: "பிக்கப்பை மாத்தினா சவுண்டு சூப்பரா வரும்." உடனே வெளிநாட்டு செட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்குகிறார்கள். மூன்று பிக்கப் கொண்ட பெயர்பெற்ற செட் ஒன்றின் விலை சில சமயம் அந்தக் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

பிக்கப்பைக் கடைசியாக மாற்றுங்கள் என்பது என் கருத்து. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அத்தனையும் கைவேலை. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். பிக்கப்பே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றாலும், அதையும் இங்கேயே சுற்றிக்கொள்ளலாம்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. என் தொழில் காயில் சுற்றுவது. பாடியில் ஒரு கம்பெனியில் ரிலே காயில் லைனில் வேலை கற்றேன். இப்போது கொரட்டூரில் வீட்டு மாடியிலேயே மெஷின் போட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். ரிலே, சோலனாய்டு, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் என்று எது வந்தாலும் சுற்றுவோம். என் அக்கா பையன் திருமுல்லைவாயலில் ஒரு சர்ச்சில் வாசிக்கிறான். ஒருநாள் ஒரு பிக்கப்பைக் கழற்றி எடுத்துவந்து, "சித்தி, இது செத்துப்போச்சு. இதுவும் காயில்தானே, கொஞ்சம் பாரேன்" என்று மேஜைமேல் வைத்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாபினில் ஆறு இரும்புக் குச்சிகள், அடியில் பசை போட்டு ஒட்டிய இரண்டு செராமிக் காந்தப் பட்டைகள், நடுவில் செம்புக் காயில். மல்டிமீட்டரில் 'ஓபன்' காட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்ததில், காயிலின் ஆரம்ப முனை ஈயத்தில் சேருகிற இடம் பச்சைக் களிம்பு பிடித்து இற்றுப்போயிருந்தது. வேர்வையும் நம்ம ஊர் ஈரக்காற்றும் செய்கிற வேலை. பழைய கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தேன். மறு ஞாயிறு வாசித்தான். அதன்பிறகு அவனுடைய சிநேகிதர்கள் வர ஆரம்பித்தார்கள்.

மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்ததுதான் பிக்கப்பின் அடிப்படை. இரும்பு ஸ்ட்ரிங் காந்தத்தின் மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் சின்னதாக மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. ஒற்றைக் காயில் பிக்கப்புக்குச் சாதாரணமாக 7,600 முதல் 8,000 சுற்று. கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது நாங்கள் 46 கேஜ் என்று வாங்குவது. 8,000 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலே கம்பி ஓடும். ஆனால் அவ்வளவு செம்பையும் நிறுத்துப் பார்த்தால் முப்பது கிராம்தான் தேறும்.

இந்த வேலையில் சூட்சுமம் எண்ணிக்கையில் கிடையாது, எண்ணுவதற்குக் கவுண்டர் இருக்கிறது. இழுவையில்தான் எல்லாம். இழுத்துச் சுற்றினால் கம்பி நீண்டு மெலியும், பாதியில் பட்டென்று அறுந்துவிடும். தளர்த்திச் சுற்றினால் சுற்றுகள் உள்ளுக்குள் ஆடும்; ஆம்ப் சத்தம் கூடும்போது பிக்கப் கீச்சென்று கத்தும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் வைத்து, அதற்குள் கம்பி ஓடும் உணர்வை வைத்தே இழுவையைப் பிடிக்க வேண்டும். லைனில் வருஷக்கணக்கில் உட்கார்ந்த பெண்களுக்கு இது விரலிலேயே ஏறியிருக்கும்.

கீச்சலுக்கு மருந்து மெழுகு. பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைக்கவே கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். சூடு 65 டிகிரி அளவில் நிற்க வேண்டும், மிஞ்சினால் பாபின் கோணிக்கொள்ளும். பிக்கப்பை உள்ளே விட்டால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்றதும் எடுத்துத் துடைத்து ஆறவிட்டால் போதும், சுற்றுகள் அசையாது. அமெரிக்கக் கிட்டார்க்காரர் எடி வான் ஹேலன் உதிரி பாகங்களை வைத்துத் தானே ஒரு கிட்டார் கட்டிக்கொண்டபோது, அதில் போட்ட பழைய கிப்சன் பிக்கப்பை இப்படித்தான் மெழுகில் முக்கினார். காயில் அசையாமல் இருக்க நாங்கள் வார்னிஷில் முக்குவோம்; பொருள்தான் வேறு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஃபென்டர் கம்பெனியில் இந்தக் காயிலைச் சுற்றியது யார் என்று தேடினேன். அபிகெயில் இபாரா என்ற பெண்மணி. 1956-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் சேர்ந்து, 2013-ல் ஓய்வு பெறும்வரை பிக்கப் சுற்றியிருக்கிறார். எங்களைப் போல மெஷின் முன்னால் உட்கார்ந்து, விரலால் கம்பியை நடத்தியவர். பிற்பாடு அவர் கையால் சுற்றியது என்றாலே கிட்டார்க்காரர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பிக்கப்பின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமும் ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. பாடி, கொரட்டூர், பட்டரவாக்கம் வட்டாரத்தில் காயில் சுற்றி ஓய்ந்த பெண்களில் யாருடைய பெயராவது ஒரு பொருளின் மேல் ஏறியிருக்கிறதா?

பெயர்பெற்ற கம்பெனிகளைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பழுதான பிக்கப்பை ரெக்கார்டு பிளேயரில் வைத்துச் சுற்றிப் பார்த்த பையன்தான் சீமோர் டங்கன். 1976-ல் கம்பெனி தொடங்கினார். அதற்குச் சில வருஷம் முன்னால் லாரி டிமார்ஸியோவும் மாற்றுப் பிக்கப் விற்கத் தொடங்கியிருந்தார். அவர்கள் வாங்குகிற விலை செம்புக்கும் காந்தத்துக்கும் மட்டும் ஆனது அல்ல, பல வருஷ அனுபவத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால் அந்த அனுபவம் வருவதற்கும் யாரோ ஒருவர் முதல் பிக்கப்பைச் சுற்றித்தான் ஆகவேண்டும்.

பிக்கப் கடைசி என்றேன். முதலில் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்து இங்கே விற்கிற மலிவுக் கிட்டார்களில் மரவேலை இப்போது நன்றாகவே இருக்கிறது. நெக்கையும் பாடியையும் சி.என்.சி. மெஷின் வெட்டுகிறது, விலை அதிகமான கிட்டாரையும் அதே மாதிரி மெஷின்தான் வெட்டுகிறது. விலையைக் குறைக்க அவர்கள் கைவைக்கிற இடம் இரண்டு. ஒன்று, ஒருவர் உட்கார்ந்து நிதானமாக அரம் போட வேண்டிய நேரம். இன்னொன்று, சின்னச் சின்ன உலோக சாமான்கள். அந்த இரண்டுக்கும் பெயர்போன இடம் அம்பத்தூர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்த ஊர் இது. 1960-களில் எஸ்டேட் வந்தது. ஆவடியில் 1965-லேயே விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கி கட்டிய வட்டாரத்தில், ஒரு கிட்டாருக்கு வேண்டிய இரும்புத் துண்டுக்காகப் பிள்ளைகள் வெளிநாட்டு பார்சலுக்குக் காத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளின் வேலையைப் பாருங்கள். எங்கள் தெருவில் எஸ்டேட் டூல் ரூமிலிருந்து ரிட்டையரான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அக்கா பையனின் கிட்டாரில் ஒரு இடத்தில் ஸ்ட்ரிங் ஜர்ரென்று இழுத்தது. அவரிடம் காட்டினோம். ஸ்ட்ரெயிட் எட்ஜை நெக்கின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒம்போதாவது கட்டை எழும்பி நிக்குதும்மா" என்றார். மரத்தில் கீறல் விழாமல் மாஸ்க்கிங் டேப் ஒட்டினார். எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கர் பேனாவால் மை பூசினார். சமமான இரும்புப் பட்டையில் உப்புத்தாள் ஒட்டி, நெக்கின் நீளவாக்கில் மெதுவாக ஓட்டினார். மை அழிந்த ஃப்ரெட் மேடு, மை தங்கிய ஃப்ரெட் பள்ளம். டையில் நீலம் தடவி மேடுபள்ளம் பார்க்கிற அதே முறை. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது. எல்லாத் தலையிலும் மை ஒன்றுபோல அழிந்ததும், தட்டையான தலைகளை அரத்தால் உருட்டி, மெல்லிய உப்புத்தாளில் ஏற்றி, கடைசியில் துணியால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். பையன் வாங்கி வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தான். பிக்கப் மாற்றியிருந்தால் அந்த ஜர் போயிருக்காது, இன்னும் சத்தமாகக் கேட்டிருக்கும்.

அடுத்தது நட். நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காருகிற வெள்ளைப் பட்டை. மலிவுக் கிட்டாரில் அது வெறும் பிளாஸ்டிக், பள்ளங்களையும் ஆழமாக வெட்டியிருக்க மாட்டார்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு சந்து என்று பாருங்கள். ஒரு காகிதம் நுழைகிற அளவு இருந்தால் போதும். பெரும்பாலான புதுக் கிட்டாரில் அதைவிட அதிகம் இருக்கும். அப்போது முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிற எஃப் கார்டு விரலை அறுக்கும், சுருதியும் ஏறிப் பேசும். 'மூடுபனி', 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டுகளைக் கேட்டு ஆசைப்பட்டுக் கிட்டார் வாங்கி, விரல் வலி தாங்காமல் மூலையில் சாத்தியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் திறமை இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பள்ளத்தை அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆட்டுகிற பிரிட்ஜ் உள்ள கிட்டாரில், அடியில் ஸ்ட்ரிங் கோக்கிற கட்டி துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கும், இளைத்தும் இருக்கும். அதற்குப் பதில் முழு இரும்புக் கட்டி போட்டால் ஒலி நின்று பேசும் என்பார்கள். ஆறு நேர் ஓட்டை, மூன்று திருகு ஓட்டை, மரை போட்ட ஒரு சாய்வு ஓட்டை. எஸ்டேட்டில் எந்த மில்லிங் பட்டறையிலும் செய்கிற வேலைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் ஸ்ட்ரிங்குக்கும் ஆறாவது ஸ்ட்ரிங்குக்கும் நடுவே உள்ள தூரத்தை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். சிலதில் 52 மில்லிமீட்டர் சொச்சம், சிலதில் 56. பெயர் ஒன்றாக இருக்கும், அளவு பொருந்தாது. வால்யூம் கன்ட்ரோலான 'பாட்'டிலும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்க 'பாட்'டின் கழுத்து இங்கே வருகிற கிட்டாரின் ஓட்டையில் பெரும்பாலும் நுழையாது, ரீமர் போட்டு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். வால்யூம் திருகும்போது கரகரத்தால் முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் ரிச்சி தெருவில் பாட், கெப்பாசிட்டர், ஜாக், ஷீல்டு ஒயர் எல்லாம் கிடைக்கும். ஒற்றைக் காயிலுக்கு 250 கே, இரட்டைக் காயிலுக்கு 500 கே என்று கேட்டு வாங்குங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கு எல்லோரும் பிக்கப்பைத்தான் திட்டுகிறார்கள். ஒற்றைக் காயில் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது வாங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் கிப்சனில் இருந்த செத் லவர் 1955-ல் இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். ஒற்றைக் காயில் கிட்டாரிலும் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பிப் போட்டால், இரண்டு பிக்கப் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் இரைச்சல் அடிபட்டுப்போகும். நான் சுற்றிக்கொடுக்கும்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பல வீடுகளில் கோளாறு பிக்கப்பில் இருக்காது, சுவரில் இருக்கும். பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு எர்த்தே போயிருக்காது. ஆம்ப்பின் எர்த் வழியாகத்தான் கிட்டார் ஸ்ட்ரிங்குக்கும் எர்த் வருகிறது. அது இல்லாத வீட்டில் பழுதான ஆம்ப்பில் செருகி, ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டே மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. பெற்றோர்களே, கிட்டாருக்குச் செலவு செய்யும் முன்னால் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இருக்கிற பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்க வேண்டும். மிக நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும், சுருதி அலையும். செலவே இல்லாத வேலை, செய்து பார்த்தவர்கள் குறைவு. அதற்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மாற்றுவோம், அல்லது சுற்றுவோம். அப்போதும் கடையில் '8 கே, 12 கே' என்று சொல்கிற ஓம்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். செம்பின் தடை சூட்டுக்கு ஏறும். 25 டிகிரியில் 6,000 ஓம்ஸ் காட்டுகிற காயில், மே மாத மதியம் 38 டிகிரியில் 6,300 காட்டும். சத்தம் ஒன்றும் கூடியிருக்காது.

"மட்டமான கிட்டாருக்கு ஏன் செலவு? சேர்த்து வைத்து நல்லதாக வாங்கு" என்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. நெக் முறுக்கிக்கொண்ட கிட்டாருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் வீண், அதை நானே திருப்பி அனுப்பிவிடுவேன். மாற்றிய சாமானின் காசு, விற்கும்போது திரும்பி வராது என்பதும் உண்மை. அதனால்தான் கழற்றியதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள் என்கிறேன். ஆனால் நெக் நேராக இருக்கிற கிட்டாருக்கு அரம் வேலையும் சால்டர் வேலையும் செய்வதற்கு ஆகிற கூலி, புதுக் கிட்டாரின் விலையில் சின்னப் பங்குதான். மாதச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் கட்டுகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

கருவியைத் தன் கைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருந்த மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பியாக்கி, மின்கருவியாகவும் வைத்துக்கொண்டு, கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை அதில் கொண்டுவந்தார் யு. ஸ்ரீநிவாஸ். 2014-ல் அவர் மறையும்வரை இந்தச் சென்னையில்தான் வாழ்ந்தார். லண்டனில் பிரையன் மே 1963-ல் தன் அப்பாவோடு சேர்ந்து, கணப்படுப்பு மேல்பலகையின் மரத்தையும் பழைய மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கையும் வைத்துக் கட்டத் தொடங்கிய கிட்டாரைத்தான் பிறகு குவீன் குழுவில் உலகம் முழுக்க வாசித்தார். அதன் பிக்கப்பில் காயில் ஆடாமல் இருக்க அவர் ஊற்றியது நம் வீட்டில் எல்லாம் இருக்கிற அரால்டைட்.

தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஆசாரிமார்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்குப் பெருமை. கிட்டார் செய்வதில் கொல்கத்தாவுக்குப் பெயர் உண்டு, கிவ்சனும் ஹாப்னரும் அங்கிருந்துதான் வந்தன. எலெக்ட்ரிக் கிட்டாரைச் செப்பனிடுவதற்கு இந்தியாவில் ஒரு ஊரைச் சொல்ல வேண்டும் என்றால், அது அம்பத்தூராக இருக்கலாம்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் டர்னரும் ஒயர்மேனும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 'நான் முதல்வன்' திட்டத்தில் எத்தனையோ குறுகியகாலப் பயிற்சிகள் நடக்கின்றன. அதில் இசைக்கருவிப் பழுதுபார்ப்பு என்று ஒன்றைச் சேர்க்கலாம். ஃப்ரெட் சமன்செய்வது, நட் வெட்டுவது, ஒயரிங், எர்த் சோதிப்பது, காயில் சுற்றுவது. பெண்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும். காயில் லைன்கள் ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு மாறியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், பீஸ் ரேட்டில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சொல்லித்தருகிறவர்களாக அழைக்கலாம். சர்ச் கமிட்டிகளும் மியூசிக் ஸ்கூல் நடத்துகிறவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கிட்டாரையும் சேர்த்துச் செட்டப்புக்குக் கொடுத்தால், அந்தப் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் வருஷமே வேலை இருக்கும்.

சாமான் என்று பார்த்தால் கவுண்டர் வைத்த ஒரு வைண்டிங் மெஷின், ஃப்ரெட் அரம், நட் அரம், ஒரு நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜ், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன். நட் அரம் ஒன்றைத்தான் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். அதையும் எங்கள் தெருப் பெரியவர் ஃபீலர் கேஜ் தகட்டில் பல் வெட்டிச் செய்துவிட்டார்.